நிச்சயதார்த்த மோதிரம் எதிர்பார்த்தபடி இல்லையா? நகைக்கடையில் பேசித் தீர்வு வாங்கும் வழி

ஆசையாகத் தேர்ந்தெடுத்து, பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய நிச்சயதார்த்த மோதிரம். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் கல் மங்கலாகத் தெரிகிறது. அல்லது பேசியதைவிடச் சிறிதாக இருக்கிறது. அல்லது போட்ட சில நாளிலேயே பக்கவாட்டில் இருந்த சின்னக் கல் ஒன்றைக் காணோம். இந்த இடத்தில் பலர் நல்ல காரியத்துக்கு வாங்கியதைப் போய்ப் பெரிதாக்குவதா என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் கோபத்தோடு கடைக்குப் போய், கையில் ஒரு தாளும் இல்லாமல் சத்தம் போட்டுவிட்டு அப்படியே திரும்புகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

என்ன தருவதாக எழுதிக் கொடுத்தார்கள், கையில் வந்திருப்பது என்ன, அதற்கு நீங்கள் கேட்கும் பரிகாரம் என்ன என்பதை ஒரு நிமிடத்தில், குரலை உயர்த்தாமல் சொல்ல முடிகிறவரை எந்தக் கடையும் லேசில் திருப்பி அனுப்பாது. அந்த ஒரு நிமிடத்துக்கான தயாரிப்புதான் இங்கே படிப்படியாக வருகிறது.

முதல் நாள்: மோதிரத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள்

குறை கண்ணில் பட்டதும் மோதிரம் அணிவதை நிறுத்திவிடுங்கள். தெரிந்த பட்டறையில் கொடுத்து அளவைச் சரிசெய்வது, பாலிஷ் போடுவது, ஆடும் கல்லை அழுத்தி வைப்பது எதுவும் இப்போது வேண்டாம். வேறொருவர் கை பட்டுவிட்டால், கோளாறு அங்கேதான் வந்தது என்று கடை சொல்லலாம். பல கடைகளின் உத்தரவாதமும் அந்த நிமிடமே செல்லாமல் போகும்.

பிறகு புகைப்படங்கள். ஜன்னலோர வெளிச்சத்தில் மேலிருந்து, பக்கத்திலிருந்து, உள்வளையத்தில் இருக்கும் முத்திரை தெரியும்படி, ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். பில், தரச் சான்றிதழ், பெட்டி, விற்பனையாளரோடு பேசிய குறுஞ்செய்திகள், இணையத்தில் அந்த மோதிரத்துக்கு இருந்த விவரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். இணையப் பக்கம் நாளைக்கே மாறிவிடலாம், அதனால் அதை இன்றே எடுத்துவிடுவது நல்லது.

திருப்பித் தருவதற்கான கெடு எப்போது முடிகிறது என்பதையும் இன்றே பாருங்கள். நிச்சயதார்த்த மோதிரத்தில் இது ஒரு தனிச் சிக்கல். பலர் முன்கூட்டியே வாங்கி, ரகசியமாக அலமாரியில் வைத்திருந்து, நல்ல நாள் பார்த்துக் கொடுப்பார்கள். கெடு வாங்கிய தேதியிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். கெடு கடந்துவிட்டது என்றாலும் மனம் தளர வேண்டாம். மனம் மாறியவருக்காகக் கடை தரும் சலுகைக்குத்தான் அந்தக் கெடு. சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் அந்தப் பொறுப்பு கெடுவோடு தீர்ந்துவிடுவதில்லை.

உங்கள் குறை எந்த வகை?

எல்லா ஏமாற்றத்துக்கும் ஒரே உரிமை கிடையாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போவதுதான் பேச்சு முறிவதற்கு முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

எழுதியதற்கும் கொடுத்ததற்கும் வித்தியாசம் இருந்தால் உங்கள் பக்கம் மிக வலுவானது. உலோகத்தில் தொடங்குங்கள். உள்வளையத்தில் 750 என்றிருந்தால் 18 காரட் தங்கம், 585 என்றால் 14 காரட், 916 என்றால் 22 காரட். பிளாட்டினத்தில் பெரும்பாலும் 950 என்றிருக்கும். பில்லில் 18 காரட் என்று எழுதி உள்ளே 585 முத்திரை இருந்தால், அதற்கு மேல் வாதமே தேவையில்லை.

அடுத்து கல்லின் எடை. வைரத்தின் ஒரு கேரட் என்பது 0.2 கிராம், தங்கத்தின் தரத்தைச் சொல்லும் காரட் வேறு. இங்கே அதிகம் பேர் தடுமாறுவது 'மொத்தக் கல் எடை' என்ற சொற்றொடரில். நடுக்கல்லைச் சுற்றிச் சின்னக் கற்கள் பதித்த மோதிரத்தில் மொத்தம் ஒரு கேரட் என்று எழுதியிருந்தால், நடுக்கல் அரை கேரட்டாகவும் இருக்கலாம். பில்லில் 'மொத்தம்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடை பொய் சொல்லவில்லை, நீங்கள் புரிந்துகொண்டது வேறு. இல்லாவிட்டால் அதுவே உங்கள் பிடி. இன்னொன்று: நல்ல அளவுவிகிதத்தில் வெட்டிய ஒரு கேரட் வட்ட வைரம் சுமார் 6.5 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். அடிப்பகுதியை ஆழமாக விட்டு வெட்டியிருந்தால் எடை சரியாகவே இருந்தாலும் மேலிருந்து பார்க்கச் சிறிதாகத் தெரியும். இது வெட்டின் குறை. சான்றிதழில் வெட்டின் தரம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சான்றிதழ் யார் கொடுத்தது என்பதும் முக்கியம். வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் ஜிஐஏ, ஐஜிஐ போன்ற ஆய்வகங்களின் அறிக்கைக்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டால் கல்லின் முழு விவரமும் வரும். பல கற்களில் அதே எண் வைரத்தின் இடுப்புப் பகுதியில், அதாவது சுற்று விளிம்பில், லேசரால் பொறிக்கப்பட்டிருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸில் அதைப் படிக்கலாம். எண் பொருந்தவில்லை என்றால் காகிதம் வேறு கல்லுடையது. கடையே அச்சடித்துக் கொடுத்த சான்றிதழுக்கு இந்த மதிப்பு கிடையாது. ஆனாலும் அதைத் தூக்கி எறியாதீர்கள், கடை கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குறுதி அது.

நிறத்தின் தரம் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்தான 'டி'யில் தொடங்கி 'இசட்' வரை போகிறது. 'டி' என்று பார்த்ததும் நான்காம் தரம் என்று பயப்பட வேண்டாம், நிறமே இல்லாத உச்சத் தரம் அதுதான். முன்பு வியாபாரிகள் ஏ, பி, சி என்று ஆளுக்கொரு கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த குழப்பத்தை விட்டு விலகத்தான் ஜிஐஏ 'டி'யிலிருந்து ஆரம்பித்தது. நிறமும் தெளிவும் (கல்லுக்குள் புள்ளி, கோடு எவ்வளவு இருக்கிறது என்பது) பயிற்சி பெற்ற மனிதர்கள் கண்ணால் பார்த்துச் சொல்பவை. அதனால் இரண்டு ஆய்வகங்களுக்கு இடையே ஒரு படி வித்தியாசம் வருவது சகஜம். அந்த ஒரு படியை வைத்துச் சண்டைக்குப் போவது வீண். மூன்று நான்கு படி வித்தியாசம் என்றால் விஷயம் வேறு.

இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்த வைரமா என்பதைக் கண்ணாலோ கைலென்ஸாலோ யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டுமே வைரம்தான், ஆய்வகக் கருவிகள்தான் பிரித்துச் சொல்லும். அதேபோல், சின்னக் கருவியைக் கல்லில் வைத்து 'பீப்' சத்தம் வந்தால் வைரம் என்று யாராவது காட்டினால் அதோடு நிம்மதி அடைய வேண்டாம். வெப்பத்தை மட்டும் அளக்கும் கருவிகள், வைரம்போலவே தோன்றும் மொய்சனைட் என்ற வேறு கல்லையும் வைரம் என்றே காட்டும்.

வேலைப்பாட்டுக் குறை இரண்டாவது வகை. மோதிரத்தைக் காதருகே வைத்து மெல்லத் தட்டுங்கள். கல் ஆடினால் சன்னமாகச் சத்தம் கேட்கும். கம்பளித் துணியில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். நூல் மாட்டினால் கல்லைப் பிடிக்கும் கொக்கிகளில் ஒன்று தூக்கி நிற்கிறது. பற்றவைத்த இடத்தில் கோடு தெரிவது, உலோகத்தில் ஊசி குத்தியதுபோல் துளைகள், கல் ஒருபக்கம் சாய்ந்திருப்பது எல்லாம் பட்டறையின் பொறுப்பு. கடையே இலவசமாகச் சரிசெய்ய வேண்டியவை.

சில விஷயங்கள் கோளாறுபோலத் தெரியும், ஆனால் கோளாறு அல்ல. வெள்ளைத் தங்கத்தின் மேல் ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தை முலாமாகப் பூசுவது வழக்கம். அது தேய்ந்து உள்ளிருக்கும் இளமஞ்சள் தெரிவது இயல்பு. மறுபடி பூசிக்கொள்ளலாம். ஆனால் 'நிறம் மாறவே மாறாது' என்று விற்பவர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சொல்லைக் காட்டிக் கேட்கலாம். விரலில் பச்சைக் கறை படிவதும் போலித் தங்கம் என்பதற்கு ஆதாரம் ஆகாது. கலவையில் இருக்கும் செம்பு வியர்வையோடு சேர்ந்து அப்படிச் செய்யும். அரிப்பும் தடிப்பும் வந்தால் கலவையில் நிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். கல் மங்கலாகத் தெரிகிறது என்றால், அது ஆடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புத் துளி விட்டு, மிருதுவான பிரஷால் ஒருமுறை கழுவிப் பாருங்கள். வைரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு எளிதில் ஒட்டும். மரகதம், முத்து, ஓப்பல் என்றால் ஊற வைக்கக் கூடாது. கடையில் பளிச்சென்று மின்னியதற்கு அங்கிருந்த விளக்குகளும் ஒரு காரணம் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவு பொருந்தாதது எளிதில் தீரும். வெயிலிலும் மாலை நேரத்திலும் விரல் சற்று வீங்கும், அதனால் வெவ்வேறு நேரத்தில் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தையும் டங்ஸ்டன் மோதிரத்தையும் அளவு மாற்ற முயலாமல், வேறு மோதிரமாகவே கேட்பது நல்லது.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், கேட்பது உரிமையாக அல்ல, சலுகையாக. கடையின் திருப்பித் தரும் விதி அனுமதித்தால் உண்டு. நீங்கள் சொல்லிச் செய்த மோதிரத்துக்குப் பெரும்பாலும் அதுவும் இருக்காது. ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட வரைபடத்துக்கும் வந்த மோதிரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் அது ரசனைப் பிரச்சினை அல்ல, முதல் வகையில் சேர்ந்துவிடும்.

சம்பந்தமில்லாத ஒருவரின் கண்

முதல் வகைக் குறை என்றால் கடைக்குப் போகுமுன் தனி மதிப்பீட்டாளர் ஒருவரிடம் காட்டுங்கள். ரத்தினவியல் படித்தவர், நகை விற்காதவர், வாங்காதவர், மதிப்பில் சதவீதம் கேட்காமல் குறித்த கட்டணம் மட்டும் வாங்குபவர். எதிர்க்கடைக்காரரிடம் போகாதீர்கள். உங்கள் மோதிரம் மட்டம் என்று சொல்வதில் அவருக்கு லாபம் இருக்கிறது.

முன்கூட்டியே விலையைச் சொல்லாமல், 'இது என்ன உலோகம், என்ன கல், என்ன எடை' என்று மட்டும் கேளுங்கள். அவர் பார்க்கும்போது கூடவே உட்கார்ந்திருங்கள். படங்களோடும் அளவுகளோடும் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். ஒரு வரம்பு உண்டு: மோதிரத்தில் பதித்திருக்கும் கல்லின் எடையையும் தரத்தையும் தோராயமாகத்தான் சொல்ல முடியும். துல்லியம் வேண்டும் என்றால் கல்லைக் கழற்ற வேண்டும். அதைக் கடையே, உங்கள் கண் முன்னால் செய்யட்டும்.

விலை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. காப்பீட்டுக்காகப் போடும் மதிப்பு பெரும்பாலும் வாங்கிய விலையைவிட அதிகமாக இருக்கும். திருப்பி விற்கப்போனால் வாங்கிய விலையைவிட வெகுவாகக் குறைத்தே கேட்பார்கள். பாதி விலைக்குக் கேட்டார்கள் என்பதால் மட்டும் கடை ஏமாற்றிவிட்டது என்று ஆகாது.

என்ன கேட்கப்போகிறீர்கள்?

இதைக் கடைக்குள் நின்று யோசிக்கக் கூடாது. மோதிரம் அணிபவரும் வாங்கியவரும் முந்தின நாளே உட்கார்ந்து பேசுங்கள். ஒருவருக்குப் பணம் திரும்ப வேண்டும், இன்னொருவருக்கு அதே மோதிரம் சரியாகி வந்தால் போதும் என்றிருக்கும். அந்த வித்தியாசம் மேலாளர் முன்னால் வெளியே வந்தால் பேச்சு அங்கேயே நீர்த்துப்போகும்.

வேலைப்பாட்டுக் குறைக்கு முதலில் பழுதுபார்க்கக் கேளுங்கள். ஒருமுறை வாய்ப்புக் கொடுப்பது நியாயம். அதே குறை மறுபடி வந்தால் மாற்று மோதிரம் அல்லது பணம். கல்லோ உலோகமோ எழுதியபடி இல்லை என்றால் எழுதியபடி மாற்றித் தரவோ, முழுப் பணத்தையும் திருப்பித் தரவோ கேட்கலாம். செய்கூலியைக் கழித்துக்கொள்கிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தவறு அவர்களுடையது என்னும்போது கழிவுக்கு இடமில்லை. வித்தியாசம் சிறியது, மோதிரமும் பிடித்திருக்கிறது என்றால் விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதும் நல்ல முடிவுதான். 'அதே தொகைக்கு வேறு நகை எடுத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். அந்தக் கடையின் மேல் நம்பிக்கை போய்விட்டதென்றால் அதை ஏற்காதீர்கள்.

கடையில்

கூட்டம் இல்லாத வேலைநாளில், காலையில் போங்கள். போகுமுன் போன் செய்து மேலாளர் அல்லது உரிமையாளரின் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். விற்ற பையனிடமோ பெண்ணிடமோ கத்திப் பயனில்லை, முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. நிதானமான ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அவர் பேச வேண்டியதில்லை, நடந்ததைக் கவனித்தால் போதும்.

பேச்சை இப்படித் தொடங்கலாம்: "சார், இந்த மோதிரத்தை உங்களிடம்தான் வாங்கினோம். பில்லில் நடுக்கல் ஒரு கேரட் என்று இருக்கிறது. தனியாக அளந்து பார்த்ததில் அவ்வளவு வரவில்லை, அறிக்கை இதோ. எழுதியபடி கல்லை மாற்றித் தர வேண்டும். இதை எப்படிச் செய்யலாம் என்று சொல்லுங்கள்." இவ்வளவுதான். சொல்லிவிட்டு நிறுத்துங்கள், அவர் பதில் சொல்லட்டும். போலீஸ், வழக்கு, இணையத்தில் எழுதுவேன் என்பதெல்லாம் முதல் சந்திப்பில் வேண்டாம். தவறை ஒத்துக்கொள்ள நினைத்த ஆளையும் அது தற்காப்பில் நிறுத்திவிடும். அவர் மறுத்தால் "சரி, அந்தக் காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று கேளுங்கள். வாயால் சொல்லும் பல காரணங்கள் எழுத்துக்கு வரும்போது நிற்பதில்லை.

மோதிரத்தைக் கொடுக்க வேண்டி வந்தால் மட்டும் மிகவும் கண்டிப்பாக இருங்கள். வெறும் 'மோதிரம் 1' என்று எழுதிய ரசீதை வாங்காதீர்கள். மோதிரத்தின் எடை, கல்லின் அளவு மில்லிமீட்டரில், சான்றிதழ் எண், ஏற்கெனவே இருக்கும் கீறல்கள், என்ன வேலை செய்யப்போகிறார்கள், திருப்பித் தரும் தேதி, கையெழுத்து இத்தனையும் வேண்டும். கைலென்ஸைக் கேட்டு வாங்கி, கல்லுக்குள் இருக்கும் புள்ளியோ கோடோ எங்கே இருக்கிறது என்று அவரோடு சேர்ந்தே பாருங்கள். திரும்ப வாங்கும்போது அதே இடத்தில் அதே புள்ளி இருக்க வேண்டும். கல் மாறிவிட்டதோ என்ற சந்தேகம் ஒருமுறை மனதில் விழுந்தால் போகவே போகாது. இந்த ஐந்து நிமிடம் உங்களையும் கடைக்காரரையும் அதிலிருந்து காப்பாற்றும். தபாலில் அனுப்புவதென்றால் முழு மதிப்புக்குக் காப்பீடு செய்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கும் சேவையில் மட்டும் அனுப்புங்கள்.

'முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில், வேலை முடிந்து மோதிரத்தைப் பார்க்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்று மாலையே ஒரு மின்னஞ்சல்

கடையில் பேசியது காற்றோடு போய்விடாமல் இருக்க, வீட்டுக்கு வந்ததும் எழுதிவிடுங்கள். நீளம் வேண்டாம். இந்த மாதிரி இருந்தால் போதும்:

"வணக்கம். இந்தத் தேதியில், இந்தப் பில் எண்ணில் உங்கள் கடையில் நிச்சயதார்த்த மோதிரம் ஒன்று வாங்கினேன். பில்லில் நடுக்கல் 1 கேரட் என்று உள்ளது. தனி மதிப்பீட்டில் நடுக்கல் சுமார் 0.70 கேரட் என்று தெரியவந்துள்ளது. அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன். இன்று நேரில் பேசியபோது ஒரு வாரத்தில் முடிவு சொல்வதாகக் கூறினீர்கள். பில்லில் உள்ளபடி கல்லை மாற்றித் தருமாறும், அது முடியாவிட்டால் மோதிரத்தைப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையைத் திருப்பித் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்."

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பின்னால் யார் எடுத்துப் படித்தாலும் ஒரே தடவையில் விளங்கும்.

பதில் வராவிட்டால்

கிளைக் கடை என்றால் தலைமை அலுவலகத்துக்கு அதே மின்னஞ்சலை அனுப்புங்கள். கடை ஏதாவது நகை வணிகர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சங்கத்துக்கும் எழுதலாம். கிரெடிட் கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை எதிர்த்து முறையிடும் வசதி உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால், கடையின் இழுத்தடிப்பில் அந்த நாட்களைத் தொலைத்துவிடாதீர்கள். தவணையில் வாங்கியிருந்தால் கோபத்தில் தவணையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கடன் கொடுத்தவரிடம் தகராறு இருப்பதை எழுத்தில் சொல்லிவிட்டு அவர்கள் வழிப்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கடன் வரலாறுதான் கெடும். கடைசியாக, நீங்கள் இருக்கும் ஊரின் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பு அல்லது சிறு வழக்குகளுக்கான நீதிமன்றம். பில், அறிக்கை, ரசீது, மின்னஞ்சல் என்று தேதி வாரியாக அடுக்கி வைத்த கோப்பு அங்கே உங்களுக்காகப் பேசும்.

இணையத்தில் எழுதுவதென்றால் கடைக்குப் பதில் சொல்ல அவகாசம் கொடுத்த பிறகு எழுதுங்கள். நடந்ததை மட்டும் எழுதுங்கள்: என்ன வாங்கினீர்கள், என்ன வந்தது, கடை என்ன சொன்னது. 'திருடர்கள்' என்று ஒரு சொல் எழுதினால் அவதூறு என்று உங்கள் மேலேயே வழக்கு திரும்பக் கூடும்.

மோதிரம் திரும்பி வந்ததும்

கடையை விட்டு வெளியே வருமுன் பாருங்கள். எடை, முத்திரை, சான்றிதழ் எண், அந்தப் புள்ளி, கொக்கிகள். பகல் வெளிச்சத்தில் வாசலோரம் நின்று ஒருமுறை. கல் மாறியிருந்தால் புதிய கல்லுக்குப் புதிய சான்றிதழும், திருத்திய பில்லும் கேட்டு வாங்குங்கள். பழைய பில்லை வைத்துக்கொண்டு வந்துவிட்டால் அடுத்த முறை எதையும் நிரூபிக்க முடியாது. காப்பீடு எடுத்திருந்தால் புதிய விவரத்தை அங்கேயும் மாற்றுங்கள். தினமும் அணியும் மோதிரத்தின் கொக்கிகள் தேயும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ வருடத்துக்கு ஒருமுறையோ கல் இறுக்கமாக இருக்கிறதா என்று காட்டிப் பாருங்கள். உத்தரவாதம் தொடர இந்தச் சோதனையை நிபந்தனையாக வைத்திருக்கும் கடைகளும் உண்டு. அப்படியானால் போன ஒவ்வொரு முறையும் தேதியிட்ட சீட்டு ஒன்றை வாங்கிக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.